வடக்கு அறை, முப்பத்து மூன்று டிகிரி

மே 3, சனி

நல்ல வெயில். நாளை கத்திரி தொடக்கம். காலை எட்டுக்கே மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை.

வேலைகள்: காஸ் பதிவு. சரோஜாவின் பி.பி. மாத்திரை. குடைக்குக் கம்பி. அடுத்த ஞாயிறு குடியிருப்போர் கூட்டத்தில் என் ஃபால்ஸ் சீலிங் பற்றிப் பேச நாலு வரி தயாரிக்க. கடைசி வேலையைத்தான் தள்ளிப்போடுகிறேன். முப்பது பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. வகுப்பு வேறு. அங்கே கரும்பலகையைப் பார்த்துப் பேசிவிடலாம்.

வடக்கு அறை, இன்றைய உச்சம் 33.1. ஈரப்பதம் 58.

மறுபடியும் 33. ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முதல் மூன்று நாள் 38-ஐத் தொட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு சட்டென்று குறைந்து 33-இல் நின்றுவிட்டது. புது ஜிப்சம் பலகை காய அந்த மூன்று நாள் பிடித்தது என்று வைத்துக்கொண்டேன். சரியான காரணம்தானா, தெரியவில்லை.

தத்துவம் எளிது. நாங்கள் இருப்பது மேல் மாடி. தலைக்கு மேல் கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கிக் கீழே இறக்குகிறது. நடுவில் இரண்டு அங்குலம் தெர்மாகோல், ஒரு சாண் காற்று இடைவெளி, அதற்கும் கீழே பலகை. அசையாத காற்றைச் சூடு எளிதில் தாண்டாது. கம்பளி கதகதப்பாக இருப்பதும் இதனால்தான்.

என் கணக்கில் வந்தது 35. கிடைப்பது 33. கணக்கில் எங்கோ தவறு செய்திருக்கிறேன். நல்ல பக்கம் தவறினாலும் தவறுதான். வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

போன மே மாதம் சரோஜா அந்த அறையில்தான் மயங்கி விழுந்தாள். மதியம் அவள் படுக்கும் அறை. ஏ.சி. காற்று அவள் மூட்டுக்கு ஆகாது. இத்தனையும் அதற்காகத்தான். இன்று கேட்டேன், "மதியம் எப்படி இருந்தது?"

"நல்லா குளுகுளுன்னு இருந்துச்சுங்க. தூங்கியே போயிட்டேன்."

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அளவைப் போட்டேன். பதினோரு கட்டைவிரல்.

மே 5, திங்கள்

காற்றே இல்லை. ரயிலில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, சுடுகிறது.

ஆவடியில் நான் எடுக்கும் கோடை வகுப்பு, ஞாயிறு தவிர தினமும் பத்து முதல் நாலரை. ஞாயிறு அளவுக்கும் விடுமுறை. இன்று வெப்பக் கடத்தல். ஏ.சி. அறையில் உட்கார்ந்து வெப்பக் கடத்தல். ஒரு பெண் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, "சார், குளிருது, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்றாள்.

வழக்கம்போலத் திருமுல்லைவாயிலில் இறங்கியதும் சரோஜாவுக்குப் போன்: "இறங்கிட்டேன். பால் வேணுமா?" அரை லிட்டர் என்றாள். வீட்டில் செருப்பைக் கழற்றியதும் நேரே வடக்கு அறை. முதலில் அளவு, பிறகு கை கால். காலையில் புறப்படும் முன், சுவர் ஆணியில் மாட்டிய வெப்பமானிக் கருவியில் முந்தைய நாள் உச்சத்தை அழித்துவிட்டுப் போகிறேன். அதன்பின் வந்த உச்சத்தை அதுவே நினைவு வைத்திருக்கும். உச்சம் 33.0. ஈரப்பதம் 58. கடல் காற்று வந்த நாளும் 58, வராத நாளும் 58. ஜிப்சம் ஈரத்தை உறிஞ்சித் திருப்பித் தருவதால் இருக்கலாம். அழகான விளைவு.

ஒரு விசித்திரம். குறித்துவிட்டு அங்கேயே நின்றிருந்தேன். 33.4 ஆயிற்று. 33.9. கொஞ்ச நேரத்தில் 34.6. நான் நின்றால் ஏறுகிறது. மனித உடம்பு ஏறக்குறைய ஒரு நூறு வாட் பல்பு. சின்ன அறை. என் சூடாகத்தான் இருக்கும். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, ஆனால் அது மூன்று மாடி ஏறிய வேர்வை. கருவி சொல்வதை விட்டுவிட்டு என் வேர்வையை நம்புவதா?

சரோஜாவிடம் சொன்னேன்.

"ஆமாங்க, நீங்க நின்னா சூடாத்தான் ஆகும். வாங்க, காபி ஆறுது."

நாளை முதல் எட்டிப் பார்த்துக் குறித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

கருவியின் துளையிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு வண்டு வந்தது. ஊதினேன். எங்கிருந்து வந்ததோ.

கார்த்தி பெங்களூரிலிருந்து போனில்: "செம பா. பேட்டன்ட் வாங்கிடுங்க." என் பின்னால் நின்ற சரோஜாவும் சிரித்தாள். மகனோடு சிரித்தது மனதுக்கு இதமாக இருந்தது.

மே 6, செவ்வாய்

மாத்திரை வாங்கியாயிற்று. குடை இல்லை.

33.2 / 58. எட்டிப் பார்த்ததோடு சரி.

கருவி மேல் சந்தேகம் வந்து, பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்து இரண்டையும் விடியற்காலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போகின்றன. பாக்டரியில் அளவுமானி சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இந்த வியாதி போகாது. பாட்டரி மூடி இடுக்கில் ஒரு அரிசி. எறும்பு இழுத்து வந்திருக்கும்.

மாலை எங்கள் மாடியிலேயே எதிர் வீட்டு நிவேதா வந்தாள். இடுப்பில் குழந்தை. எட்டு மாதம், கழுத்தெல்லாம் வேர்க்குரு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். குழந்தை மதியம் தூங்குவதே இல்லையாம். என் வரைபடத்தின் நகல் வேண்டும், திங்கட்கிழமை சீலிங் போட ஆட்கள் வருகிறார்கள் என்றாள்.

"ஒரு வருஷம் பார்த்துவிட்டுச் செய்யலாமேம்மா. என் கணக்கே எனக்கு முழுசாப் புரியல."

"அங்கிள், டெய்லி 33-ன்னு நீங்களே போடுறீங்க. உங்கள நம்பாம வேற யார நம்புறது?"

கொடுத்துவிட்டேன். சரோஜா உள்ளே காபி போடப் போனவள் வெகுநேரம் வரவில்லை. டம்ளர் கிடைக்கவில்லையாம்.

மே 8, வியாழன்

எழுத வேண்டுமா என்று யோசித்தேன். வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆவடியில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து வகுப்பு ரத்து. போனை வீட்டில் சார்ஜில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். அதனால் ஸ்டேஷனிலிருந்து போன் செய்யவில்லை. ஒரு மணி வெயிலில் நடந்து கேட்டுக்குள் நுழைந்தேன்.

காவலாளி தாஸ்: "இன்னா சார், இன்னிக்கு சீக்கிரமே வந்துகினீங்க? அம்மாவ எழுப்பட்டா?"

"எந்த அம்மா?"

"நம்ம அம்மாதான் சார். டெய்லி இங்கதான படுத்துகினு கீறாங்க. உங்களுக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, தண்ணீர்க் குழாயை மூடப் போவதுபோல நகர்ந்துவிட்டான்.

கார் நிறுத்துமிடத்தில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெகனின் காருக்குப் பின்னால், சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடம். அடியில் தண்ணீர் என்பதால் தரை சில்லென்றிருக்கும். அங்கே பாய். சரோஜா நெற்றியில் ஈரத் துண்டோடு வாய் லேசாகத் திறந்து தூங்குகிறாள். பக்கத்தில் ஜெகனின் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார், எழுப்பாதே என்று. எனக்கே உத்தரவு போடுவதுபோல.

மேலே போனேன். வடக்கு அறை ஜன்னல் சாத்தியிருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. சுவரில் ஆணி மட்டும். கருவி இல்லை. திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு சரோஜா வந்து நின்றாள். மூன்று மாடி. அவள் ஓடக்கூடாது.

"கருவி எங்கே?"

நேரே சமையலறைக்குப் போனாள். அரிசி டிரம்மின் மூடியை எடுத்தாள். முழங்கை வரை கையை அரிசிக்குள் விட்டுத் துழாவி எடுத்தாள். முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

33.1. ஈரப்பதம் 58.

மே 9, வெள்ளி

வகுப்புக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இதுவும் பொய்தான்.

நேற்று மாலை அவள் சொன்னது, நான் கேட்டது, நினைவில் உள்ளபடி:

"முதல் மூணு நாள் 38-ன்னு வந்துச்சு. நீங்க தட்டுல கைய வெச்சுட்டு எழுந்து போயிட்டீங்க. எனக்கு வெயிலுகூட பரவாயில்லைங்க, அதப் பாக்க முடியல."

"அதற்கு?"

"நாலாம் நாள் கருவிய தூசி துடைக்கலாம்னு எடுத்து, தொறந்திருந்த அரிசி டிரம்மு விளிம்புல வெச்சேன். உள்ள விழுந்திருச்சு. சாயங்காலம்தான் கெடச்சுது. 33-ன்னு காட்டுச்சு. நீங்க வந்து பாத்துட்டு சிரிச்சீங்க. ரெண்டு தடவை சோறு போட்டுக்கிட்டீங்க."

அதன்பின் தினமும். நான் போனதும் டிரம்முக்குள். நான் ஸ்டேஷனிலிருந்து பாலுக்குப் போன் செய்ததும் கீழேயிருந்து மேலே வந்து தயாராக நிற்பது. படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆணியில் மாட்டுவது. அவளுக்கு மணி அடித்ததே நான்தான்.

அரிசிக்குள் இருந்த கருவியை அறைச் சூட்டில் மாட்டினால் ஏறத்தானே செய்யும். மாறாத 58-உம் அரிசியின் ஈரம்தான். நான் என் உடம்புச் சூடு என்று எழுதியிருக்கிறேன். முன் பக்கங்களைப் படிக்க முடியவில்லை. என்னைச் சந்தேகித்தேன். கணக்கைச் சந்தேகித்தேன். கருவியைச் சந்தேகித்தேன். அவளைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

"கார்த்திக்குத் தெரியுமா?"

புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "சொன்னேன். 'விடும்மா, அப்பாவுக்கும் ஒரு வேலை வேணும்ல'ன்னான்."

ஒரு வேலை வேணும்ல.

குழுவில் பழைய பதிவுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நாள் 33-க்கும் கீழே கட்டைவிரல்கள். ஜெகனின் அம்மாவுடையது உண்டு. ஜெகனுடையது உண்டு. கார்த்தி இந்தக் குழுவில் இல்லை, அவனுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவனும் ஒவ்வொரு நாளும் போட்டிருக்கிறான்.

கருவி இன்று ஆணியில். பக்கத்தில் நாற்காலி போட்டு நானே காவல். உச்சம் 37.6.

பிற்பகல் ஊதுபத்தி ஏற்றிப் பிடித்துப் பார்த்தேன். புகை நேரே மேலே போய், பலகைக்கு அடியில் பரவி, அங்கேயே நின்றது. போக வழியில்லை. ஏன் என்று பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் புரிந்தது. சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. சூடான காற்று அது வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருந்தது. ஃபால்ஸ் சீலிங் அதற்குக் கீழே வந்து மூடிவிட்டது. மேலிருந்து வரும் சூட்டைக் குறைத்தேன், மேற்குச் சுவரிலிருந்து வரும் சூட்டை உள்ளே வைத்து அடைத்தேன். வரைபடம் நான் போட்டது.

முதல் வாரமே 38, 38 என்று வந்திருந்தால் அடுத்த வாரம் கண்டுபிடித்திருப்பேன். நான் மெதுவானவன், ஆனால் கண்டுபிடித்திருப்பேன். அவள் சொன்ன பொய்யை விட இதுதான் ஆறவில்லை. தவறைத் திருத்த என்னை விடவில்லை. இவனால் முடியாது, சந்தோஷமாகவாவது இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்திருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு: தயிர்சாதம்.

மே 10, சனி

மேகம் மாதிரி கட்டியது, கலைந்துவிட்டது. உச்சம் 37.4.

காஸ் வந்தது.

சரோஜா மதியம் கீழே போகவில்லை. நான் இருக்கிறேன் என்று ஹாலில் படுத்துப் புரண்டுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "கீழே போய்ப் படு" என்றேன். இரண்டு நாளில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"உங்களுக்கு ஆவடில ஏ.சி. எனக்கு சம்ப்பு. அதச் சொல்லிட்டே செஞ்சிருக்கலாம், தப்புதான்" என்றாள். பாயை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏ.சி. வகுப்பைப் பற்றி அவள் சொன்னது நியாயமா? பாதி நியாயம். எந்தப் பாதி என்று தெரியவில்லை.

நாளை கூட்டம். யோசனைகள்:

அ) போகாமல் இருப்பது. நிவேதா வீட்டில் திங்கட்கிழமை வேலை தொடங்கிவிடும். அங்கேயும் அதே வென்டிலேட்டர். அந்தக் குழந்தை அதற்கு அடியில்.

ஆ) நிவேதாவிடம் மட்டும் சொல்வது. ஏன், எப்படி என்று கேட்பாள். நான் பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும்.

இ) கருவி பழுது என்று சொல்வது. கருவி பழுதில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க நல்ல கருவி மேல் பழி போட்டதில்லை.

ஈ) நடந்ததைச் சொல்வது. சரோஜா அதே ஜனங்களோடு கீழே உட்கார வேண்டும்.

பேச வேண்டியதை நாலு முறை எழுதி நாலையும் கிழித்தேன்.

மே 11, ஞாயிறு

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

கார் நிறுத்துமிடத்தில்தான் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். சம்ப் மூடிமேல் சுண்டல் பாத்திரம். சரோஜா கடைசி வரிசை. பேச்சு வரிசை: தண்ணீர் மோட்டார், தெரு நாய், பிறகு நான்.

ஜெகன் எழுந்து, "எல்லாரும் கொஞ்சம் அமைதியா குந்துங்க. 33 சார் பேசப்போறாரு" என்றார். சிரிப்பு. எனக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்பது இன்றுதான் தெரியும்.

தாளைப் பார்த்துப் படித்தேன். "நான் குழுவில் போட்ட அளவுகள் சரியல்ல. உண்மையான உச்சம் 37-க்கு மேல். ஃபால்ஸ் சீலிங் வென்டிலேட்டரை மூடிவிட்டது. அது என் வரைபடத்தில் உள்ள பிழை. யாரும் அதைப் பார்த்துச் செய்ய வேண்டாம்."

"இன்னா சார், மெஷினு புட்டுகிச்சா?" என்றார் ஜெகன்.

"மெஷின் சரியாக இருக்கிறது. அது இருந்த இடம் தவறு."

"எங்க சார் வெச்சீங்க?"

கடைசி வரிசையில் சரோஜா தலையை நிமிர்த்தினாள். ஜெகனின் அம்மா மேலே குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் எட்டாத இடத்தில்."

"யாரு வெச்சது?"

"கருவிக்குப் பொறுப்பு நான்தான்."

"அப்போ ஒரு மாசமா நாங்க சும்மாதான் லைக்கு போட்டுகினு இருந்தோமா? சரியாப் போச்சு போ!" எல்லோரும் சிரித்தார்கள். தெரிந்துதானே போட்டீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அடுத்தது லிப்ட் விஷயம்.

சுண்டல் வாங்கும்போது நிவேதா பக்கத்தில் வந்தாள். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"டெய்லி போட்டீங்களே அங்கிள். ஒரு நாள்கூட செக் பண்ணலையா?"

"வென்டிலேட்டரைத் திறந்து வைத்து, பலகையை அதற்கு முன்னாலேயே நிறுத்திச் செய்யலாம்மா. இல்லாவிட்டால் மேல் தளத்தில் வெள்ளைப் பூச்சு. நான் வரைந்து தருகிறேன்..."

"பரவால்ல அங்கிள். நாங்க வேற யாரையாவது கேட்டுக்கறோம்."

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்த முகம் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை சமையலறை வாசலில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

படியேறும்போது சரோஜா இரண்டு படி பின்னால் வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், "என் பேரச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. பெருந்தன்மை அல்ல. அவளைக் காப்பாற்றவும் இல்லை. அங்கே பாதிப் பேருக்கு விஷயம் முன்பே தெரியும். எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேனோ என்னவோ.

கார்த்தி இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை.

மே 12, திங்கள்

வெயில். காற்று கொஞ்சம் உண்டு, மேற்கிலிருந்து.

வகுப்புக்கு ஒரு வாரம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் வேலை என்றேன்.

கார்த்தி காலையில் மறுபடியும். எடுத்தேன். "அப்பா, நாங்க கிண்டல் பண்ணலப்பா..." "சரி. வெயில் எப்படி அங்கே?" என்றேன். "மழை பா" என்றான். அத்தோடு விட்டோம்.

ரம்பத் துண்டால் வென்டிலேட்டருக்கு நேராகப் பலகையை நானே அறுத்தேன். ஏணியை சரோஜா பிடித்துக்கொண்டாள். வெள்ளைத் தூள் தலையெல்லாம். விளிம்பு கோணல். தெர்மாகோலை அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு, மற்ற இடத்தில் இடுக்குகளை டேப்பால் அடைத்தேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஈரச் சாக்கு. ஊதுபத்தி: புகை மேலே போயிற்று, கொஞ்சம் தயங்கிற்று, துளை வழியாக வெளியேறிற்று.

பிற்பகல், வெயில் உச்சத்தில், இருவரும் வடக்கு அறையில். அவள் கட்டிலில், நான் நாற்காலியில். காலண்டர் அட்டையைக் கிழித்துக் கருவியின் முகத்தை மறைத்துக் கட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "எப்படி இருக்கிறது?" என்றேன்.

"நல்லா..." என்று தொடங்கினாள். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மல்லாந்து படுத்துப் பலகையைப் பார்த்தாள்.

"புழுங்குதுங்க. முதுகு பூரா வேர்வை."

"அறுப்பதற்கு முன்னால் இருந்ததற்கு?"

"முன்னைக்கு விட காத்து இருக்கு. ஆனா சூடுதான். தலைய லேசா வலிக்குது."

அட்டையை எடுத்தேன். 36.3.

அவள் சொன்னதும் கருவி சொன்னதும் ஒத்துப்போகின்றன. ஒரு நாள் அளவு போதாது.